சேதுவுக்குப் போகிற வழியும் சந்நிதிதான்

போடிமெட்டிலிருந்து இறங்கும் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் அது கடலில்தான் கொண்டுபோய் விடும். கொச்சியில் தொடங்கி தனுஷ்கோடியில் முடிந்த பழைய 49ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. இப்போது எண் மாறி 85, 87 என்று பிரிந்திருந்தாலும் வழி அதே வழிதான். போடிநாயக்கனூர், தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று போடியிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முதல் நாள் ராத்திரி போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து வேன்கள் கிளம்பும். விடிவதற்குள் அக்னி தீர்த்தக் கரையில் ஆட்களை இறக்கிவிடும். தர்ப்பணம், தீர்த்தமாடல், தரிசனம் எல்லாம் முடிந்து அன்று இரவே ஊர் திரும்பிவிடலாம். ராத்திரிப் பயணம் என்பதால் வழியெல்லாம் உறக்கம். ஏறிய இடம் தெரியும், இறங்கிய இடம் தெரியும்; நடுவில் கிடந்த நிலம் கண்ணில் பட்டிருக்காது. இந்த யாத்திரையில் புண்ணியம் எங்கே இருக்கிறது? போய்ச் சேர்கிற கடலிலா, போவதற்குப் பட்ட சிரமத்திலா, உறங்கிக் கடந்த அந்த நிலத்திலா? அந்த நிலத்துக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நம் சமய மரபே அதற்குச் சாட்சி சொல்கிறது.

முதலில் அந்த நிலத்தைப் பார்த்துவிட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, ஏலமலையின் மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் அதிகம் மிஞ்சுவதில்லை. மேலே மர நிழலிலும் மண்ணின் குளிர்ச்சியிலும் ஏலச்செடி தழைக்கிறது. கீழே மழை மறைவு நிலம் ஆண்டிபட்டியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. போடிக்குச் சோறு போடுகிற மலையேதான் கிழக்குச் சீமைக்கு மழையை மறித்தும் நிற்கிறது. மானாமதுரை தாண்டினால் வானம் பார்த்த பூமி. கண்மாய்கள் உண்டு, தண்ணீர் வடகிழக்குப் பருவமழையின் கையில். சாலையின் இரு பக்கமும் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையுள்ள வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டது. அங்கிருந்து வந்த மரம் இங்கே கண்மாய்க்குள்ளும் புகுந்துவிட்டது. அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர்களும் உண்டு. வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் புகையவிட்டுக் கரியாக்குகிறார்கள். மூட்டம் வெடித்துக் காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல். அதனால் ராத்திரியிலும் ஒருவர் காவல் இருக்க வேண்டும். கோடையில் ஊருணிப் பாதையில் பெண்கள் தள்ளிக்கொண்டு வருகிற வண்டி இந்தச் சீமைக்கே உரியது: இரும்புச் சட்டம், அதில் குடங்கள் உட்கார வரிசையாக வளையங்கள், கீழே சின்னச் சக்கரங்கள். அமாவாசை வேன் உறக்கத்தில் கடந்துபோவது இவர்களுடைய ஊர்களைத்தான்.

இப்படிப்பட்ட நிலத்தைப் பற்றிச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் ஒரு கருத்து வருகிறது. குறிஞ்சியும் முல்லையும் வெயில் மிகுந்து தம் இயல்பு கெட்டால் அந்த நிலையே பாலை என்கிறார் இளங்கோ. பாலை என்று விதிக்கப்பட்ட தனி நிலம் ஏதும் கிடையாது. எந்த நிலத்துக்கும் அந்தக் காலம் வரலாம். 2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு அது வந்தது. மழை பொய்த்து, வெயில் ஏறி, ஏலச்செடிகள் தோட்டம் தோட்டமாகக் காய்ந்து கருகின. விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ராமநாதபுரத்தின் வறட்சி அடுத்தவன் வீட்டு விவகாரம் என்று மலைக்காரர்கள் இனிச் சொல்ல முடியாது.

இனி அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். புண்ணியம் சேர்கிற இடத்தில்தான் என்பது முதல் விடை. இதற்குப் பலமான ஆதாரம் உண்டு. அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றாக நீராடி, ராமநாதரைத் தரிசிப்பதுதான் ராமேஸ்வர யாத்திரையின் உடல். ஞானசம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் அது. ஆனால் அந்த இடம் மட்டுமே போதும் என்றால், தினமும் அதே கடலில் இறங்குகிற பாம்பன் மீனவர்தான் எல்லாரையும் விடப் பெரிய யாத்ரீகராக இருக்க வேண்டும். மரபு அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. சேதுவில் எடுத்த மணலைப் பிரயாகையில் கங்கையில் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவு பெறும் என்று அது விதித்தது. தலத்தை மட்டும் பெரிதாகக் கருதியிருந்தால் மணலையும் தண்ணீரையும் இத்தனை தூரம் சுமக்கச் சொல்லியிருக்காது. உப்பூர் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்து நவபாஷாணத்தில் நீராடி, திருப்புல்லாணியும் சேதுக்கரையும் கண்டு பிறகே ராமேஸ்வரம் போவது பழைய சேது யாத்திரை முறை. இவை எல்லாமே அந்த வறண்ட சீமையின் ஊர்கள். யாத்ரீகன் அந்த நிலத்தில் நின்று நின்றுதான் போக வேண்டும் என்பது அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

சிரமத்தில்தான் புண்ணியம் என்பது இரண்டாவது விடை. காலில் செருப்பில்லாமல் நடந்து, முள் குத்தி, நா வறண்டு போனவனுக்குத்தான் பலன். ஏசி காரில் போகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்கள் பலர். உடம்பை வருத்தினால் மனம் அடங்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துன்பமே புண்ணியம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்து எங்கே போய் நிற்போம் என்று யோசிக்க வேண்டும். வருஷம் முழுதும் தண்ணீர் வண்டி தள்ளுகிற பெண்ணுக்கும், கரிமூட்டப் புகையில் கண் எரிய நிற்கிறவருக்கும் நாள்தோறும் புண்ணியம் குவிந்துகொண்டிருக்கிறது; அவர்கள் துன்பத்தைக் குறைப்பது அவர்கள் புண்ணியத்தைக் குறைப்பதாகிவிடும் என்று சொல்ல வேண்டியிருக்கும். மனிதனின் தாகத்தைத் தீர்க்க விடாமல் தடுக்கிற ஒரு கொள்கை சமயமாக இருக்க முடியாது. பெரியபுராணம் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. அப்பர் திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போகும்போது பசியும் தாகமும் தாங்காமல் தளர்கிறார். சிவபெருமான் ஒரு வேதியர் வடிவில் வழியிலேயே பந்தலும் குளமும் அமைத்துப் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். சாப்பிடச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, கூடவே நடந்து வந்து ஊர் அருகில் மறைந்துவிடுகிறார். தளர்ந்து வந்த அடியவரைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் துன்பப்படு, பலன் பெருகும் என்று இறைவன் சொல்லவில்லை. சோறு போட்டார். அதுவும் கோயிலில் காத்திருந்து போடாமல், வெயில் காயும் வழிக்கே வந்து போட்டார்.

அதே அப்பரின் பெயரில் திங்களூர் அப்பூதியடிகள் செய்ததையும் சேக்கிழார் விரிவாகச் சொல்கிறார். அப்பரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அவர் பெயரால் அப்பூதியார் வழிகளில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்தார். அப்பர் அந்த ஊருக்கு வந்தபோது அவரை முதலில் எதிர்கொண்டது தம் பெயர் தாங்கிய அந்தப் பந்தல்தான். அப்பூதியார் 63 நாயன்மாரில் ஒருவர். அவருடைய பக்திக்குச் சேக்கிழார் காட்டுகிற அடையாளங்களில் ஒன்று, முன்பின் தெரியாத வழிப்போக்கர்களுக்காக வைத்த குளிர்ந்த நீர். ஆகவே வழி என்பது தலத்துக்கும் தலத்துக்கும் நடுவே கிடக்கும் வெற்றிடம் என்று சைவ மரபு எண்ணவில்லை. தெய்வமும் அடியாரும் சந்திக்கிற இடம் அது. அந்தச் சந்திப்பு தண்ணீராகவும் சோறாகவும் நிகழ்கிறது.

கதைகளோடு இது நின்றுவிடவில்லை. நாட்டு ஆட்சியாகவும் ஆனது. 1605ஆம் ஆண்டு வாக்கில் மதுரை நாயக்க மன்னர் சடைக்கத் தேவரை ராமநாதபுரச் சீமையின் சேதுபதியாக ஏற்றபோது, ராமேஸ்வரம் போகிறவர்களை வழியில் கொள்ளையரிடமிருந்து காப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கியிருந்தது. பின்வந்த சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் வைத்தார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்களும் தங்கள் எல்லையில் ராமேஸ்வரச் சாலையோரம் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அந்தச் சத்திரங்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்று மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் அங்கே நடப்பதைப் படம்பிடித்தாற்போல் விவரிக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிறவர் யாராயினும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சாமானும் தரப்படும். நள்ளிரவு வரை பந்தி நடக்கும். பிறகு மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று அறிவிப்பார்கள். நோயாளிக்கு வைத்தியம் உண்டு. பயணத்தைத் தொடர முடியாதவர் அங்கேயே தங்கலாம். நள்ளிரவில் பசித்தவரைத் தேடி அடிக்கப்படும் மணியும் கோயில் மணிக்கு ஈடான வழிபாட்டு ஒலிதான். சத்திரங்களைக் கட்டியவர்களும் யாத்ரீகர்களும் அதை அப்படியே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். யாத்திரையே தேவையில்லை என்று பெரியவர்கள் சொல்லியிருக்கும்போது வழியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும் கடலில் ஆடினாலும், ஈசன் எங்கும் இருக்கிறான் என்ற உணர்வு இல்லாவிட்டால் என்ன பயன் என்று அப்பரே பாவநாசத் திருக்குறுந்தொகையில் கேட்டிருக்கிறார். சித்தர்கள் இன்னும் கடுமையாகக் கேட்டார்கள். அப்பரின் கேள்வி என் வாதத்துக்குத் துணைதான். ஈசன் எங்கும் இருக்கிறான் என்றால் பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவிலும் இருக்கிறான். கடலில் மட்டும் அவனைத் தேடி, கருவேலங்காட்டில் கண்ணை மூடிக்கொள்வதுதான் அப்பர் கண்டித்த குற்றம். அப்படிக் கேட்ட அவரே கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, கையால் ஊன்றி, மார்பால் தவழ்ந்து போனார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பயணத்தை அவர் ஒதுக்கவில்லை. உணர்வில்லாத பயணத்தை ஒதுக்கினார். 1897 ஜனவரி 26ஆம் தேதி பாம்பனில் கரையிறங்கிய விவேகானந்தர், மறுநாள் ராமேஸ்வரம் கோயிலிலேயே நின்று பேசியதும் இதைத்தான். ஏழையிடமும் மெலிந்தவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான்; உருவத்தில் மட்டும் காண்பவனுடைய வழிபாடு தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்த மெலிந்தவரை யாத்ரீகன் எங்கே பார்ப்பான்? வழியில்தான்.

அடுத்த மறுப்பு காலத்தைப் பற்றியது. சத்திரம் கால்நடையாகப் போன காலத்துக்கு உரியது. 1914இல் பாம்பன் ரயில் பாலமும் 1988இல் சாலைப் பாலமும் வந்தபின் வழிப்போக்கனுக்கு யார் சோறும் வேண்டியதில்லை, குடிநீருக்கு அரசு கூட்டுத் திட்டம் போட்டிருக்கிறது, பழைய கடமை தீர்ந்துவிட்டது என்பார்கள். வழிப்போக்கனுடைய தேவை தீர்ந்தது உண்மை. அந்த நிலத்துக்காரரின் தேவை தீரவில்லை. அன்று யாத்ரீகன் வாங்குபவனாக இருந்தான். அந்தச் சீமை தன் வறுமையிலும் அவனுக்குச் சோறும் நிழலும் காவலும் கொடுத்தது. இன்று அவன் கையில் பணமும் வண்டியும் இருக்கின்றன. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் முறை இப்போதுதான் வந்திருக்கிறது. அது ஒரு மதத்தவருக்கு மட்டும் உரிய கடனும் அல்ல. ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவரும், 1693இல் அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூருக்குப் போகிறவரும் அதே சீமையின் தண்ணீரைக் குடித்துத்தான் போயிருக்கிறார்கள்.

வண்டி வந்ததால் யாத்திரை கெட்டுவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. மெக்சிகோவின் மேற்கு மலைகளில் வாழும் விஷாரிக்கா மக்களைப் பாருங்கள். கிழக்கே விரிக்குத்தா என்னும் பாலைநிலம் அவர்களுக்குப் புனிதம். மேற்கே சான் பிளாஸ் என்னும் கடலோர ஊரில் உள்ள ஹராமரா புனிதம். மலையில் வாழ்கிறவர்கள் பாலையையும் கடலையும் வழிபடுகிறார்கள். காலங்காலமாக நடந்து போனவர்களில் பலர் இன்று லாரியிலும் பஸ்ஸிலும் போகிறார்கள். ஆனாலும் வழியில் உள்ள புனித ஊற்றுகளில் இறங்கி நின்று, வணங்கி, நீர் எடுத்துக்கொண்டுதான் மேலே செல்கிறார்கள். விரிக்குத்தாவில் வெள்ளிச் சுரங்கத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டபோது அந்த நிலத்துக்காக அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2025இல் யுனெஸ்கோ அவர்களுடைய யாத்திரை வழியையே உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வண்டி அவர்கள் யாத்திரையைக் கெடுக்கவில்லை, நின்று பார்க்கும் பழக்கத்தை அவர்கள் விடாததால். கெடுப்பது வேகம் அல்ல. எதையும் பார்க்காமல் போவது.

மூன்றாவது மறுப்பு இன்னும் நியாயமானது. ஏலத்தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் ஒருவர், வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டு, செத்துப்போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறார். அவர் தலையில் ராமநாதபுரத்துத் தாகத்தையும் ஏற்றுவதா? முன்னோர் கடன் வேறு, ஊருக்கு உழைப்பது வேறு இல்லையா? வேறு வேறு என்று வள்ளுவர் பிரிக்கவில்லை. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களை எண்ணும்போது முன்னோரையும் தெய்வத்தையும் விருந்தையும் சுற்றத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறார். தர்ப்பணம் என்பதே தாகம் தீர்க்கும் சடங்கு. இறந்தவரின் தாகத்துக்குக் கை நிறைய நீர் வார்க்கிறவன், உயிரோடிருப்பவரின் தாகத்தைக் கடந்து வந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் அந்த நீரின் பொருள் பாதியாகிவிடும். கடமை அவரவர் சக்திக்கு ஏற்றதுதான். கூலிக்காரரிடம் யாரும் கண்மாய் தூர்வாரக் கேட்கவில்லை. பகலில் போகலாம், ஓர் ஊரில் இறங்கி ரோட்டோரப் பெண்ணிடம் நுங்கும் பதநீரும் வாங்கிக் குடித்து, அந்த வருஷம் கண்மாய் பெருகியதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வேனும் தோட்டமும் வியாபாரமும் உள்ளவர்களுக்குக் கடமை அதைவிடப் பெரியது.

அந்தக் கடமை போடியிலேயே தொடங்குகிறது. குரங்கணி மலையிலிருந்து இறங்கிப் போடியைத் தொட்டு ஓடும் கொட்டகுடி ஆறு வைகையில் சேர்கிறது. வைகை 1959இல் கட்டிய அணையில் தேங்கி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது. அமாவாசை வேன் போகிற திசையில்தான் தண்ணீரும் போகிறது. பெரும்பாலான வருஷங்களில் கடலைப் போய்ச் சேராமலே தீர்ந்துபோகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆராய்ந்தவர் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அது கைகூடியது 1895இல், பென்னிகுவிக் காலத்தில். இன்று கம்பம் பள்ளத்தாக்கு வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. சேதுச் சீமையின் தாகத்திலிருந்து பிறந்த யோசனையின் முதல் பலனை அனுபவிப்பது தேனி மாவட்டம். மலைக்காரருக்கும் கடற்கரைச் சீமைக்கும் உள்ள உறவு கற்பனை அல்ல, கணக்கில் உள்ள கடன்.

ஆகவே போடியிலிருந்து சேதுவுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையில் நிழல்மரத்தை வெட்டாமல் காப்பதை, கொட்டகுடி ஆற்றில் கழிவும் குப்பையும் சேராமல் பார்த்துக்கொள்வதை யாத்திரையின் முதல் சடங்காகக் கொள்ளுங்கள். வழியில் ஓர் ஊரிலாவது பகல் வெளிச்சத்தில் இறங்குங்கள். கோயில் உண்டியலுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கை அந்தச் சீமையின் ஊருணிக்கோ கண்மாய்க்கோ தண்ணீர்ப்பந்தலுக்கோ ஒதுக்குங்கள். இதைச் செய்தவர் காரில் போனாலும் யாத்ரீகர்தான். ஊர் ஆற்றை அழுக்காக்கிவிட்டு, வழிநெடுக உறங்கிவிட்டு, அக்னி தீர்த்தத்தில் பாவம் கழுவ இறங்குபவர் கால்நடையாகவே வந்திருந்தாலும் யாத்ரீகர் ஆகமாட்டார்.